சேறும் குதிரைக் காலும்

காவேரி பாயும் நாடு குதிரைக்கு ஏற்ற நாடன்று. இப்படிச் சொன்னால் நமது ஜில்லாவாசிகள் சிலருக்குக் கோபம் வரக்கூடும். ஊருக்கு ஊர் எல்லையில் ஐயனார் கோயிலின் முன் ஆள் உயரத்துக்கு மேல் மண்குதிரைகள் அணிவகுத்து நிற்கவில்லையா? திருமங்கையாழ்வாரின் குதிரைக்கு ஆடல்மா என்று பெயர் வைத்துக் கொண்டாடுவது இந்தச் சீகாழிப் பக்கத்தில்தானே? காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் கடல் வழியாகக் குதிரைகள் வந்திறங்கிய செய்தியைப் பட்டினப்பாலை சொல்லவில்லையா? என்றெல்லாம் அவர்கள் கேட்கலாம். அவ்வளவும் உண்மைதான். ஆனால், வந்திறங்கியது என்றாலே இங்கே பிறந்ததன்று என்பதுதானே பொருள்? அன்றியும், மண்குதிரையின் கால் எத்தனை மழை பெய்தாலும் அரிப்பதில்லை. உயிருள்ள குதிரையின் கால் அரிக்கிறது, வெடிக்கிறது, சீழ் கொள்கிறது. அந்தக் காலைப் பற்றியே இங்கே சிறிது எழுத விரும்புகிறோம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் சோழமண்டலக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ என்ற வெனிஸ் நகரத்து யாத்திரிகர், இக்கரை அரசர்களின் குதிரைப் பித்தைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். ஹோர்முஸ், ஏடன் முதலிய துறைமுகங்களிலிருந்து ஒவ்வோர் அரசரும் வருஷந்தோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குவார்களாம்; வருஷ முடிவில் நூறு கூட மிஞ்சுவதில்லையாம். குதிரைக்குப் பக்குவம் செய்யத் தெரிந்தவர் இங்கே இல்லை என்றும், விற்கிற வர்த்தகர்கள் அப்படிப்பட்ட வைத்தியர்களை இக்கரைக்கு வரவொட்டாமல் தடுக்கிறார்கள் என்றும் அவர் காரணம் கூறுகிறார். குதிரைக்குச் சோறும் மாமிசமும் வேகவைத்துப் போட்டார்கள் என்றும் எழுதுகிறார். யாத்திரிகர்கள் சொல்லும் கணக்கில் கொஞ்சம் உப்பும் காரமும் சேர்ந்திருக்கும் என்பதை நாம் மறக்கவில்லை. ஆயினும், பாலைவனத்து உலர்ந்த மணலில் வளர்ந்த பிராணியைக் கொண்டுவந்து, ஐப்பசி கார்த்திகையில் முழங்கால் சேறு தேங்கும் நாட்டில் கட்டினால் அது என்ன பாடு படும் என்பதை ஊகிக்க வெனிஸிலிருந்து ஒருவர் வரவேண்டியதில்லை.

இக்காலத்தில் நம் பக்கத்தில் குதிரைகள் எங்கே இருக்கின்றன என்று கேட்பவர்கள், முதலில் வேதாரணியத்துக்குத் தெற்கே கோடியக்கரைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். 1967-ம் வருஷத்தில் வெளிமான்களுக்காக ஏற்பட்ட சரணாலயம் அது. அங்கே வெளிமான்களோடு சேர்ந்து மட்டக்குதிரைகள் மந்தையாய் மேய்கின்றன. இவை ஆதிகாலக் காட்டுக் குதிரைகள் அல்ல. மனிதர்கள் வளர்த்துக் கைவிட்ட குதிரைகளின் சந்ததி. லாடமில்லை, லாயமில்லை, கொள்ளு வைப்பாரும் இல்லை. 2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி கரையேறிய கஜா புயலில் மான்களோடு இவற்றிலும் பல மடிந்தன. இருந்தும் மந்தை அற்றுப்போகவில்லை. சதுப்பில் இறங்கிப் புல் மேய்ந்தாலும், பிறகு மணல்மேட்டில் ஏறிக் காற்றில் காலை உலர்த்திக்கொள்ள அவற்றுக்குச் சுதந்திரமுண்டு. கட்டுத்தறியில் நிற்கும் குதிரைக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. சொந்தக்காரர் எங்கே கட்டினாரோ அங்கேதான் அது நிற்க வேண்டும்.

அப்படிக் கட்டுண்டு நிற்கும் குதிரைகள் இன்றும் நம்மிடையே இல்லாமற் போகவில்லை. ஜட்கா வண்டிகள் தெருவை விட்டு மறைந்தன. ஆனால் காணும் பொங்கலை ஒட்டித் திருக்கடையூரிலிருந்து தரங்கம்பாடி வரையில் நடக்கும் எல்கைப் பந்தயத்தில் மாட்டு வண்டிகளோடு குதிரை வண்டிகளும் ஓடுகின்றன. கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையைச் சுமக்கும் வெள்ளைக் குதிரை இருக்கிறது. கடற்கரையில் குழந்தைகளைச் சவாரி ஏற்றும் மட்டம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு குடும்பம் அதை நம்பிச் சாப்பிடுகிறது. பந்தயத்துக்கு முன்னால் குதிரை நொண்டினால், முகூர்த்த நாளில் குதிரை அடம்பிடித்தால், அந்த வீட்டில் அடுப்பின் நிலை என்னவென்று சொல்ல வேண்டுமா?

நம்மிடம் பல வருஷங்களுக்கு முன் எட்டாம் வகுப்பில் படித்த ஒருவர் இப்போது நாகையில் கல்யாணக் குதிரை விடுகிறார். சென்ற கார்த்திகை மாதத்தில் கடைத்தெருவில் நம்மைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். முகம் வாடியிருந்தது.

"என்ன தம்பி, குதிரை சௌக்கியமா?" என்று கேட்டோம்.

"அதை ஏன் ஸார் கேட்கிறீர்கள்! ராத்திரி முழுதும் தரையை உதைத்துக்கொண்டே நிற்கிறது. பின்னங்காலை ஒன்றோடொன்று தேய்க்கிறது. போன முகூர்த்தத்தில் மாப்பிள்ளையை ஏற்றி நாலடி போனதும் நடுத்தெருவில் நின்று காலைக் கடிக்கத் திரும்பிவிட்டது. மாப்பிள்ளை விழாதது தெய்வச் செயல். குணம் கெட்டுப்போய்விட்டது, வந்த விலைக்குத் தள்ளிவிடு என்கிறார்கள், ஸார்."

குணம் கெடவில்லை. கால் அரிக்கிறது. வாயில்லாப் பிராணி அரிப்பை வேறெப்படிச் சொல்லும்? தரையை உதைப்பது, காலோடு கால் தேய்ப்பது, தறியில் உரசுவது, குனிந்து கடிப்பது, இவையே அதன் பாஷை. இந்தப் பாஷை தெரியாமல் சாட்டையை எடுப்பவர்கள் அநேகர்.

குளம்புக்கு மேலே, கணுவுக்குப் பின்புறத்தில் ஒரு பள்ளம் உண்டு. குதிரையின் தோலில் மிகவும் மெல்லிய இடங்களில் அது ஒன்று. நடக்கும்போதெல்லாம் மடங்கி விரிவது. சேறும் சாணமும் முதலில் ஒட்டுவது அங்கேதான். எல்லாக் குதிரைகளுக்கும் கணுவில் சிறிது மயிர்க்கற்றை இருக்கும். சில ஜாதிகளுக்கோ முழங்காலிலிருந்து குளம்பை மூடும் வரையில் சடைசடையாய்த் தொங்கும். ஸ்காட்லாந்து தேசத்துக் கிளைட்ஸ்டேல், இங்கிலாந்தின் ஷயர் என்ற பாரவண்டிக் குதிரைகள் இதற்குப் பேர்போனவை. நம் தேசத்திலே லடாக்கின் ஸான்ஸ்காரி, இமாசலத்தின் ஸ்பிதி முதலிய மலை மட்டங்களுக்கும் காலில் மயிர் அதிகம். குளிர் தேசத்தில் அந்தச் சடை ஒரு கம்பளி. ஆனால் அதற்குள்ளே ஈரமும் வெதுவெதுப்பும் தங்கிவிட்டால் பூச்சிகளுக்கும் கிருமிகளுக்கும் அதுவே சுகவாசஸ்தலம். மேல்நாட்டில் சடைக்கால் குதிரை வைத்திருப்பவர்களுக்கு ஓயாத தலைவலியாக இருப்பது இந்த அரிப்பே. நம் மட்டங்களுக்குச் சடை குறைவு, சேறு அதிகம். ஆகக்கூடிப் பலன் ஒன்றாகிவிடுகிறது.

அரிப்புக்குக் காரணம் ஒன்றல்ல. இதை அறியாமல் மருந்து தேடுவதே முதல் அனர்த்தம். கோரியாப்டிஸ் என்ற ஒருவகைச் சிற்றுண்ணி உண்டு. அரை மில்லிமீட்டருக்கும் குறைவான உருவம், எட்டுக் கால், சிலந்தியின் தூரத்து உறவு. இது தோலைத் துளைத்து உள்ளே போவதில்லை. மேலேயே திரிந்து உதிரும் தோற்பொடியைத் தின்று வாழ்கிறது. ஆனால் அதன் நடமாட்டத்தால் உண்டாகும் அரிப்பு சொல்லி முடியாது. மேல்தோல் தவிடு போல் உதிரும். நாளடைவில் தடித்து மடிப்பு விழும். இரண்டாவது காரணம் ஈரத்தில் ஊறிய தோலில் புகும் பாக்டீரியங்கள். டெர்மடோபிலஸ் என்பது அவற்றுள் முக்கியமானது. மயிரோடு சேர்ந்து பொருக்குக் கட்டும், பொருக்கை எடுத்தால் கீழே ஈரமாய்ச் சிவந்திருக்கும். இதில் அரிப்பைவிட வலி அதிகம். பூஞ்சையும் வரலாம். வெள்ளைக் காலும் அதன் கீழே சிவந்த தோலும் உள்ள குதிரைகளுக்கு, சில செடிகளைத் தின்பதாலோ ஈரல் கெடுவதாலோ வெயில் பட்ட இடம் மாத்திரம் வெந்து போவதும் உண்டு. கல்யாணத்துக்கு எல்லோரும் விரும்பும் நுக்ரா என்ற வெள்ளைக் குதிரைக்குத் தோலே சிவப்பு; ஆகையால் அதற்கு இந்த அபாயம் அதிகம்.

மழைக்காலத்தில் காலிலும் கண்ணோரத்திலும் ஆறாமல் சதை வளரும் ஒருவகைப் புண்ணுக்கு வடக்கே 'பர்ஸாத்தி' என்று பெயர். பர்ஸாத் என்றால் ஹிந்துஸ்தானியில் மழை. வெள்ளைக்கார மிருக வைத்தியர்கள் இந்தப் பெயரை அப்படியே தங்கள் புஸ்தகங்களில் எழுதிக்கொண்டார்கள். ஹாப்ரோனீமா என்ற புழுவின் குஞ்சுகளை ஈக்கள் சாணத்திலிருந்து சுமந்துவந்து புண்ணில் விடுவதே இதற்குக் காரணம் என்பது பின்னால் தெரியவந்தது. சாணத்தை அன்றன்று அப்புறப்படுத்தினால் பாதி வியாதி குறையும்.

நடவுக்கு இறங்கும் பெண்களின் கால்விரல் இடுக்கில் உண்டாகும் சேற்றுப்புண்ணை அறியாதவர் இந்த ஜில்லாவில் இல்லை. நாள் முழுதும் தண்ணீரில் ஊறிய தோல் வெளுத்து மிருதுவாகிறது, இடுக்கில் வெடிக்கிறது, கிருமி நுழைகிறது. மாலையில் காலைக் கழுவி, துடைத்து, மருதாணியோ மஞ்சளோ அரைத்துப் பூசிக்கொண்டு படுப்பார்கள். குதிரைக்கு வருவதும் ஏறக்குறைய இதே கதைதான். ஒரே வித்தியாசம்: மனிதர்கள் துடைத்துக்கொள்கிறார்கள், குதிரையைத் துடைப்பவர் இல்லை. குளத்தில் இறக்கிக் குளிப்பாட்டிவிட்டு, ஈரம் சொட்டச் சொட்டத் தறியில் கட்டிவிடுகிறோம். குளிப்பாட்டினால் சுத்தம் என்று நினைக்கிறோம். ஈரமாய் விட்ட சுத்தத்தைவிடக் காய்ந்த அழுக்கு குதிரைக் காலுக்கு நல்லது என்று சொன்னால் வாசகர்கள் சிரிக்கக்கூடும். ஆனால் அது உண்மை. மேல்நாட்டில் அநுபவமுள்ளவர்கள் பலர் சேறு காயும்வரை பொறுத்திருந்து பிறகு பிரஷ்ஷால் தட்டிவிடுகிறார்கள்.

நம் பழைய மாணவர் குதிரையைக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அங்கே மருத்துவர் காலிலிருந்து தோற்பொடியைச் சுரண்டி எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தார், சிற்றுண்ணிகள் அகப்பட்டன. இதற்குள் நம் நண்பர் வீட்டில் வேறொரு ஏற்பாடு செய்து வைத்திருந்தார். மாட்டு உண்ணிக்காக வாங்கிய அமிட்ராஸ் புட்டி ஒன்று இறவாணத்தில் இருந்தது. மாட்டுக்கு ஆகும் மருந்து குதிரைக்கு ஆகாதா என்று நினைத்து, அன்று மாலையே அடிப்பதாக இருந்தாராம். மருத்துவர் கேட்டதும் பதறிப்போய்த் தடுத்துவிட்டார். அமிட்ராஸ் குதிரையின் குடல் அசைவை நிறுத்திவிடும். சாணம் உள்ளே கட்டி, வயிற்றுவலி கண்டு, குதிரை மடிந்தே போகலாம். டெல்டாவில் மாடில்லாத வீடு இல்லை; மாட்டு உண்ணி மருந்து இல்லாத வீடும் அபூர்வம். ஆகையால் குதிரை வளர்ப்பவர்கள் வேறெதை மறந்தாலும் இந்த ஒன்றை மறக்கக் கூடாது.

இனி, மருத்துவர் சொன்ன சிகித்சை. முதற்காரியம் காலின் மயிரைக் கத்தரிப்பது. மேல்நாட்டில் சடைக்கு அழகுப் போட்டிகள் உண்டு. அங்கே சொந்தக்காரர்கள் கத்தரிக்க மனம் வராமல் தவிக்கிறார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. மயிரைக் கத்தரித்தால்தான் மருந்து தோலில் படும், காற்றும் படும். கத்தரித்த மயிரை லாயத்திலேயே உதறிவிடாமல் எரித்துவிட வேண்டும்.

அடுத்தது, குளோர்ஹெக்சிடின் கலந்த சோப்புநீரைத் தடவிப் பத்து நிமிஷம் ஊறவிட்டு வெதுவெதுப்பான நீரில் அலசுவது. பொருக்கை நகத்தால் பிய்க்கலாகாது. ஊறி இளகியதை மாத்திரம் எடுக்கலாம். பிய்த்தால் குதிரைக்குப் பிராணன் போகும் வலி. பிறகு அது காலைத் தொடவே விடாது, உதைவாங்குவது குதிரைக்காரர். அலசியபின் பழைய வேட்டித் துணியால் ஒற்றி, ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்த வேண்டும். இதற்குப் பொறுமை வேண்டும். ஆனால் சிகித்சையில் பாதி இதுதான் என்று நாம் சொல்வோம். பாக்டீரியம் புகுந்து கால் வீங்கியிருந்தால் ஊசியும் மாத்திரையும் வேண்டியிருக்கும். அது மருத்துவர் பொறுப்பு.

சிற்றுண்ணிக்குச் சுண்ணாம்பும் கந்தகமும் சேர்த்துத் தயாரித்த கரைசல் மிகப் பழைய மருந்து. கெட்டுப்போன முட்டை நாற்றம் அடிக்கும், மயிர் மஞ்சளாகும், எனினும் பலனுண்டு. வாரத்துக்கு ஒருமுறையாகச் சில வாரங்கள் தொடர வேண்டும். இப்போது பிப்ரோனில் என்ற தெளிமருந்தையும் மருத்துவர்கள் கையாளுகிறார்கள். ஐவர்மெக்டின் என்ற பூச்சிமருந்தை வாயில் கொடுத்தால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். பர்ஸாத்திப் புண்ணுக்கு அது நல்ல மருந்து. கோரியாப்டிஸோ இரத்தத்தையோ நிணத்தையோ உண்பதில்லை. மேலே உதிரும் பொடியைத் தின்று காலங்கழிக்கிறது. உடம்புக்குள் போன மருந்து அதன் வாய்க்கு எட்டுவது குறைவு. அதனால்தான் உள்மருந்தால் அரிப்பு தணிந்தாலும் முற்றும் ஒழிவதில்லை.

முட்டையிலிருந்து முட்டை வரையில் இந்தப் பூச்சியின் வாழ்க்கை ஏறக்குறைய மூன்று வாரம். ஒருநாள் மருந்தடித்து அரிப்பு நின்றதும் நிறுத்திவிடுபவர்கள், முட்டைகளுக்கு விருந்து வைத்து வழியனுப்புகிறவர்கள். அன்றியும் இது குதிரையை விட்டுக் கீழே விழுந்தாலும் வைக்கோலிலும் தரையிலும் பல வாரங்கள் உயிரோடிருக்கும். ஆகையால் படுக்கை வைக்கோலை முழுதும் வாரி எரித்துவிட்டுத் தரையைச் சுத்தம் செய்யாமல் போனால் வைத்தியம் வீண். அதே பூச்சி மாட்டிலும் ஆட்டிலும் வாழக்கூடியது. குதிரைக்குப் பக்கத்தில் கட்டிய பசுவையும் மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும்.

நம் ஊர்களில் கைவைத்தியமாக வேப்பெண்ணெய், புங்கெண்ணெய் பூசுவதுண்டு. அவற்றை நாம் இழிவாய்ச் சொல்லவில்லை. உலர்ந்த தோலில் பூசினால் ஈ அண்டாது, வெடிப்பும் மிருதுவாகும். ஆனால் ஈரப்புண்ணின்மேல் எண்ணெயை அப்பினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுக் கிருமி பெருகும். மண்ணெண்ணெயையும் மோட்டாரில் கழிந்த எண்ணெயையும் பூசுகிறவர்களை மாத்திரம் நாம் மன்னிக்கத் தயாராயில்லை. தோல் கொப்புளித்து உரிகிறது, குதிரை துள்ளுகிறது, "மருந்து பிடிக்கிறது" என்று மகிழ்கிறார்கள்.

கல்யாணக் குதிரைகளுக்குக் கணுவில் சலங்கை கட்டுகிறார்களே, அதன் தோற்பட்டை வியர்வையிலும் மழையிலும் ஊறி, புண்ணின்மேலேயே உரசுகிறது. ஒரு குதிரையின் சலங்கையை அடுத்த குதிரைக்கு மாற்றிக் கட்டுவதும் வழக்கம். நம் நண்பர் பட்டைகளைக் கொதிநீரில் போட்டு வெயிலில் உலர்த்தினார். கால் ஆறும் வரையில் சலங்கையே வேண்டாமென்று தீர்மானித்தார். ஒரு சம்பந்தி வீட்டார் சலங்கையில்லாத குதிரைக்குக் கூலியில் பிடித்துக்கொண்டார்களாம்! மூன்று தடவை மருந்து போட்டபின் குதிரை இரவில் அமைதியாய் நிற்கிறது என்று மார்கழியில் வந்து சொன்னார். விற்கும் பேச்சு நின்றது.

ஷயர், கிளைட்ஸ்டேல், பெல்ஜியப் பாரக்குதிரை முதலியவற்றுக்கு வரும் மற்றொரு ரோகத்தைப் பற்றிக் கும்பகோணம், நாகைப் பக்கத்து வாசகர்களுக்கு விஸ்தரிக்க வேண்டியதில்லை. நம் ஊர் யானைக்காலை அவர்கள் அறிவார்கள். அக்குதிரைகளின் காலில் நிணநீர் ஓட்டம் தடைப்பட்டு, கால் வீங்கித் தடித்து, மடிப்பும் முண்டும் விழுகிறது. யானைக்காலுக்குக் கொசு கொண்டுவரும் புழு காரணம். குதிரைக்கோ புழுவில்லை, பரம்பரைக் கூறு என்று கருதுகிறார்கள். குணப்படுத்த மருந்தில்லை. ஆனால் பராமரிப்பு இரண்டுக்கும் ஒன்றே: கழுவு, உலர்த்து, வெடிப்பை ஆற்று, நடக்கவிடு. குதிரைக்குச் சிற்றுண்ணி சேர்ந்துவிட்டால் வீக்கம் இன்னும் விரைவாய் முற்றும் என்பதால் அங்கே பூச்சியை ஒழிப்பதில் அவ்வளவு கவனம்.

ஒன்றை மட்டும் வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது. காலின் உட்புறத்தில் கயிறு முறுக்கியதுபோல் நரம்பு புடைத்து, வரிசையாய்க் கட்டிகள் தோன்றி, உடைந்து தேன் நிறத்தில் சீழ் வடிந்தால் அது கிளாண்டர்ஸ் என்ற கொடிய தொற்றுநோயாக இருக்கலாம். இது மனிதருக்கும் தொற்றும், உயிரைக் கொல்லும். நெடுங்காலம் ஓய்ந்திருந்த இந்நோய் 2006-ல் மஹாராஷ்டிரத்தில் மறுபடி தலைகாட்டி, பிறகு வேறு மாகாணங்களிலும் கண்டது. தடுப்பூசி கிடையாது. 2009-ம் வருஷச் சட்டத்தின்படி ஸர்க்காருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். இரத்தப் பரிசோதனையில் நிச்சயமானால் குதிரையைக் கொன்று புதைக்கிறார்கள், சொந்தக்காரருக்கு நஷ்ட ஈடு உண்டு. அந்தப் பயத்தால் மறைப்பவர்கள் இருக்கிறார்கள். மறைப்பவரின் வீட்டுப் பிள்ளைகள்தானே முதலில் அந்தக் குதிரையைத் தடவிக்கொடுக்கிறார்கள்?

மார்க்கோ போலோ காலத்தைப் போல் வைத்தியர் இல்லாத நாடல்ல இது. சென்னை வேப்பேரியில் 1903-ல் கால்நடை மருத்துவக் கலாசாலை ஏற்பட்டது. நமக்குப் பக்கத்திலேயே ஒரத்தநாட்டில் 2012 முதல் ஒரு கலாசாலை நடக்கிறது. ஹிஸாரில் குதிரைகளுக்கென்றே தேசிய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆனால் இங்குள்ள மருத்துவமனைகளில் நாள் முழுதும் வருவது மாடும் ஆடும் கோழியும். குதிரை எப்போதோ ஒன்று. ஆகவே குதிரைக்காரர்கள் நோய் முற்றும்வரை காத்திராமல், மழை தொடங்குமுன் புரட்டாசியிலேயே ஒருமுறை காட்டிவிடுவது நலம்.

அப்போதே லாயத்தையும் கவனித்துக்கொள்ளலாம். தரையை ஒரு சாண் உயர்த்திச் செங்கல் ஜல்லி போட்டு, மூத்திரம் வடிய ஒரு பக்கம் சரிவு விட்டால் செலவு அதிகமாகாது. மேலே வைக்கோலைத் தினம் புரட்டி, ஈரமானதை மாற்ற வேண்டும். வெளியே சேற்றில் போக நேர்ந்தால், புறப்படுமுன் உலர்ந்த கணுப்பள்ளத்தில் துத்தநாகக் களிம்பைத் தடவிவிட்டால் தண்ணீர் ஒட்டாது. திரும்பி வந்ததும் லாந்தரையோ டார்ச்சையோ பிடித்துக்கொண்டு நான்கு காலையும் ஒருமுறை கையால் தடவிப் பார்க்க இரண்டு நிமிஷம் போதும். சூடும் வீக்கமும் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கைக்குத் தெரியும்.